சானடோரியம் என்றொரு ஊர்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில், குரோம்பேட்டையைக் கடந்ததும் வரும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் அங்கே இறங்கி ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலைகளுக்கு விரைவோரில் பலருக்கு இது ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவே. ஆனால், நம் பாட்டன் பாட்டி காலத்தில் இச்சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் உச்சரித்தார்கள். 'அவரைச் சானடோரியத்தில் சேர்த்திருக்கிறார்கள்' என்றால் காசநோய் என்று பொருள். அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர் என்றும் பொருள்.

இந்நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவ இல்லத்தைத் தோற்றுவித்தவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. 'சௌரி' என்பது நம் இல்லங்களில் சவரி, சவேரி என்று வழங்கும் பெயரே. புனித சவேரியாரின் பெயர் தமிழ் நாவில் உருண்டு திரண்டு பெற்ற வடிவம். இங்கிலாந்தில் மருத்துவம் புரிந்த இவர், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளருக்கென ஓர் இல்லத்தை நடத்திவந்தார். 1914இல் கணிதமேதை இராமானுஜன் இங்கிலாந்து சென்ற 'நெவாசா' கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917இல் நோயுற்ற இராமானுஜன் சில காலம் தங்கியது இவருடைய மெண்டிப் இல்லத்தில்தான். மேதைக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவ ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். அன்றோ அது காசமென்றே கருதப்பட்டது.

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். ஆயினும், அக்கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களிடம் இருந்தவை தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, படிப்படியாக நீட்டப்படும் நடை ஆகியவையே. நகரின் நெருக்கடிக்கு அப்பால், மலைச்சாரலிலோ மரச்சோலையிலோ சானடோரியங்கள் எழுந்தது இதனால்தான். ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே கிறித்தவச் சபைகள் கூடி 1915இல் நிறுவிய ஆரோக்கியவரமும் அவ்வகையினதே. தாயகம் திரும்பிய சௌரி முத்து, தாம்பரத்தில் பச்சைமலையடிவாரத்தில் ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தைத் தேர்ந்து, 1928ஆம் ஆண்டு ஏப்ரலில் வெறும் 12 படுக்கைகளோடு தம் இல்லத்தைத் தொடங்கினார். அன்று அது சென்னைக்கு வெளியே ஆளரவம் குறைந்த காட்டுப்புறம். 1931இல் மின்தொடர் வண்டி வந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டு சென்னை மாகாண அரசு சானடோரியத்தை விலைக்கு வாங்கி அரசு மருத்துவமனை ஆக்கியது. இக்கைம்மாற்றம் பெரிது என்பது நம் கருத்து. காற்றும் ஓய்வும் விலையில்லாதவை போலத் தோன்றலாம். மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் படுத்திருக்க ஏழைக்கு எங்கே வழி?

இக்கேள்விக்கு விடை தாம்பரத்தில் கிட்டவில்லை. சில மைல் வடக்கே, சேத்துப்பட்டில் கிட்டியது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இணைந்து அங்கு ஒரு மையம் அமைத்தன. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த காசநோயாளருள் ஒரு சாராரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மறுசாராரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள். சானடோரியத்தில் உணவு நன்று, ஓய்வு மிகுதி, காற்றோட்டம் உண்டு. வீட்டிலோ ஒற்றை அறையில் முழுக் குடும்பமும். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு நலம் பெற்றிருந்தனர். உடனுறைந்தவர்க்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. பரவியவை பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே பரவியவை. குணப்படுத்தியது மருந்து, மலைக்காற்றன்று.

உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு நம் சென்னையின் குடிசைகள் அளித்த சான்றும் ஒரு காரணம். படுக்கை கிடைக்கும் வரை இருமிக்கொண்டே காத்திருக்க வேண்டியதில்லை; தாய், பிள்ளைகளைப் பிரிய வேண்டியதில்லை. மாத்திரையை விடாமல் விழுங்கினால் போதும் என்றாயிற்று. ஆனால், அந்த 'விடாமல்' என்பதில்தான் சிக்கல். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

தாம்பரத்து இல்லம் மூடப்படவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்னும் முடிவு, வீடு உள்ளவர்க்கே பொருந்தும் அன்றோ? துரத்தப்பட்டவர், மருந்துக்கு அடங்காத நோய் முற்றியவர், யாருமற்றவர் ஆகியோருக்கு அங்கே இடம் வேண்டியிருந்தது.

பின்னர் வேறொரு நோய் வந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தனர். எய்ட்ஸ் நோயாளரைத் தொடுவதற்கே பல மருத்துவமனைகள் அஞ்சிய 1990களில், தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எய்ட்ஸ் நோயாளரை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் காசமே. எனவே இவ்விரு நோய்களும் ஒரே கூரையின்கீழ் வந்ததில் மருத்துவப் பொருத்தமும் உண்டு. அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளர் திரண்டு வர, நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களுள் ஒன்றாயிற்று அது. அங்குக் கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் செ. நெ. தெய்வநாயகம், கூட்டு மருந்துகள் எட்டா விலையில் இருந்த அந்நாளில், சித்த மருந்துகளையும் நோயாளர்க்கு வழங்கச் செய்தார். அதன் பயன் குறித்து மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத ஒருவரின் முயற்சி என்றே நாம் அதைக் காண்கிறோம். 2004 ஏப்ரல் முதல் நாள் நடுவண் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தேர்ந்த எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. சாவதற்கென்று வந்த பலர், மாதந்தோறும் மருந்து வாங்கிக்கொண்டு, வந்த தொடர்வண்டியிலேயே வீடு திரும்பலாயினர்.

2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இதே சானடோரியம் பகுதியில் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவத்தின் தொன்மை குறித்து 1930இல் ஆங்கில நூலொன்று எழுதியவர் சௌரி முத்து. இன்று அந்நிறுவனத்தின் புறநோயாளர் வரிசையில் நிற்போருள் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.