கேசரி வாடா: ஒரு பத்திரிகையின் சொந்த வீடு

புணேக்கு வரும் நம்மவர்கள் சனிவார் வாடாவையும் தகடூசேட் கணபதியையும் தரிசித்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நாராயண் பேட்டில் உள்ள கேசரி வாடாவை யாரும் நினைப்பதில்லை. வாடா என்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள்; நம் தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீடுகளைப் பெரிதாக்கியது போல.

பரோடா மன்னர் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்ததால் இதன் பழைய பெயர் கெய்க்வாட் வாடா. 1905-ல் மூன்றாம் ஸயாஜிராவிடமிருந்து லோகமான்ய திலகர் இதை விலைக்கு வாங்கினார். 'கேசரி' அதற்கு 24 ஆண்டுகள் மூத்தது. 1881 ஜனவரியில் மராத்தியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என இரண்டையும் சிப்லுண்கர், அகர்கர், திலகர் முதலானோர் தொடங்கினர். 'கேசரி'யின் முதல் ஆசிரியர் அகர்கர்தான், திலகர் அல்லர்.

குடும்பம், அலுவலகம், அச்சு எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1908-ல் 'கேசரி' கட்டுரைகளுக்காகத் திலகர் மீது ராஜத்துரோக வழக்கு. ஆறு வருஷம் நாடு கடத்தல் தண்டனை விதித்த நீதிபதி தாவர், 1897 வழக்கில் திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடிய அதே வக்கீல்! திலகர் மாண்டலேயில் 'கீதா ரகசியம்' எழுதிக்கொண்டிருக்க, இங்கே கேல்கர் முதலானோர் பத்திரிகையை நடத்தினர். 1914 ஜூனில் ஒரு நள்ளிரவில் போலீஸார் அவரை இந்த வாடாவின் வாசலில் கொண்டுவந்து விட்டனர்.

அதே 1908-ல் நம் சென்னையில் என்ன நடந்தது? பாரதியார் எழுதிய 'இந்தியா' வாரப் பத்திரிகையின் வெளியீட்டாளர் சீனிவாசன் கைதானார், ஐந்து வருஷம் தண்டனை. பாரதியார் புதுச்சேரிக்குப் போக, அச்சகமும் பின்னால் போயிற்று. அங்கே 1910 வரை வெளிவந்து 'இந்தியா' நின்றுபோனது. அடக்குமுறை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆனால் ஆசிரியர் இல்லாதபோதும் வேலை நடக்க ஓர் இடமும், அதற்கென்று ஆட்களும் இருந்தது 'கேசரி'யைக் காப்பாற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திலகர் 1920 ஆகஸ்ட் 1 அன்று பம்பாயில் காலமானார். வாடா வெறும் நினைவிடமாகிவிடவில்லை. பத்திரிகை அலுவலகம் தொடர்ந்தது. திலகர் விஞ்சூர்கர் வாடாவில் நடத்திவந்த கணேச உற்சவம் இங்கே மாறி, இன்று புணேயின் ஐந்து 'மானாச்சா' கணபதிகளில் ஐந்தாவதாக மரியாதை பெறுகிறது. விசர்ஜன ஊர்வலத்திலும் அந்த வரிசைதான். ஓர் அறையில் திலகர் உபயோகித்த பொருள்கள் உள்ளன. மேடம் காமா 1907-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஏற்றிய கொடி, இந்துலால் யாக்னிக் ரகசியமாகக் கொண்டுவந்தது, இங்குள்ள நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சுதந்திரத்துக்கு 40 வருஷம் முன்பே அயல்நாட்டில் பறந்த துணி அது.

கணேச சதுர்த்தி நாட்களில் கூட்டம் தாங்காது. நிதானமாகப் பார்க்க விரும்பும் அன்பர்கள் வேறு நாட்களில், காலை வேளையில் செல்வது உசிதம்.