ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் பதினேழாவது திருத்தம்

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் பதினேழாவது திருத்தம் என்பது, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையின் உறுப்பினர்களை (செனட்டர்களை) அந்தந்த மாநில மக்களே நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்ய வழிவகுத்த சட்டத் திருத்தம் ஆகும். இது 1912 மே 13 அன்று அமெரிக்க காங்கிரசில் நிறைவேறி, 1913 ஏப்ரல் 8 அன்று தேவையான எண்ணிக்கையிலான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு முன்னர் 1789 முதல் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தெரிவு செய்து வந்தன. மாநிலங்களின் குரலைக் காப்பதற்கென ஏற்படுத்தப்பட்ட அந்த முறை, நாளடைவில் மாநிலச் சட்டமன்றங்களின் சொந்தப் பணிகளையே முடக்கத் தொடங்கியதே மாற்றத்துக்கு முதன்மையான காரணமாக அமைந்தது. எனினும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கை இன்றளவும் முற்றாக மறையவில்லை.

தொடக்க ஏற்பாடு

1787 இல் பிலடெல்பியா நகரில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் மேலவையை எவ்வாறு அமைப்பது என்பது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. வேர்ஜீனியாவின் முன்மொழிவு, மக்கள் தெரிவு செய்யும் கீழவையே மேலவையைத் தெரிவு செய்ய வேண்டும் என்றது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன், இரு அவைகளையும் மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டார். அவருடைய மாநிலம் தவிர வேறெந்த மாநிலமும் அதை ஆதரிக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தெரிவு செய்யலாம் என டெலவெயரின் ஜோன் டிக்கின்சன் கொண்டுவந்த தீர்மானம் சூன் 7 அன்று ஒருமனதாக ஏற்கப்பட்டது. பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற வேறுபாடின்றி ஒவ்வொன்றுக்கும் இரண்டு செனட்டர்கள் என்னும் உடன்பாடு பின்னர் சூலை மாதத்தில்தான் எட்டப்பட்டது.

இம்முறைக்கு ஆதரவாக ஜேம்ஸ் மாடிசன் பெடரலிஸ்ட் கட்டுரைத் தொடரின் 62 ஆவது கட்டுரையில் இரண்டு நன்மைகளைக் குறிப்பிட்டார். தகுதியுடையோர் தெரிவாவர் என்பது ஒன்று. மாநில அரசுகளுக்கும் நடுவண் அரசுக்கும் இடையே ஒரு பிணைப்பு உண்டாகும் என்பது மற்றொன்று. ஆனால் அந்தப் பிணைப்பில் தொடக்கத்திலேயே ஒரு தளர்ச்சி இருந்தது. முந்தைய கூட்டமைப்புச் சாசனத்தின்கீழ் மாநிலங்கள் தம் பேராளர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. புதிய அரசியலமைப்பில் அந்த அதிகாரம் இடம்பெறவில்லை. பதவிக்காலமும் ஆறு ஆண்டுகள். ஆகவே சட்டமன்றம் தன் செனட்டருக்குக் கட்டளை அனுப்பலாமே அன்றி, அதைப் பின்பற்றச் செய்ய வழியில்லை. கட்டளையை மதித்து நடந்தவர்களும் உண்டு. குடியரசுத் தலைவர் அன்ட்ரூ ஜாக்சன் மீதான கண்டனத் தீர்மானத்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வாக்களிக்குமாறு வேர்ஜீனியா சட்டமன்றம் பணித்தபோது, அதற்கு உடன்பட விரும்பாத ஜோன் டைலர் 1836 இல் பதவி விலகினார். அத்தகையோர் காலப்போக்கில் அருகினர்.

1858 இலினொய் தேர்தல்

ஆபிரகாம் லிங்கனுக்கும் ஸ்டீபன் டக்ளசுக்கும் இடையே 1858 இல் இலினொய் மாநிலத்தின் ஏழு ஊர்களில் நடந்த புகழ்பெற்ற விவாதங்கள் ஒரு செனட் பதவிக்காக நடந்தவை. அவற்றைக் கேட்கத் திரண்ட மக்களில் எவரும் இருவருக்கும் நேரடியாக வாக்களிக்க இயலாது என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. மக்கள் வாக்களித்தது சட்டமன்ற உறுப்பினர்களுக்கே. 1859 சனவரியில் சட்டமன்றம் 54 க்கு 46 என்ற கணக்கில் டக்ளசைத் தெரிவு செய்தது. தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்த விதமும், அவ்வாண்டு தேர்தலைச் சந்திக்க வேண்டியிராத மாநில மேலவை உறுப்பினர்களின் பலமும் டக்ளசுக்குத் துணை நின்றன.

இந்நிகழ்வு வேறொன்றையும் காட்டியது. தம் ஊரின் சாலைக்கும் பள்ளிக்கும் வரிக்கும் பொறுப்பான சட்டமன்ற உறுப்பினரை, அவர் யாரை செனட்டுக்கு அனுப்புவார் என்பதை மட்டும் பார்த்து மக்கள் தெரிவு செய்யும் நிலை உருவாகியிருந்தது.

முடக்கமும் கையூட்டும்

செனட்டர் தெரிவுக்கான நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால், 1866 இல் காங்கிரஸ் ஒரு பொதுச் சட்டம் இயற்றியது. இதன்படி சட்டமன்றத்தின் இரு அவைகளும் முதலில் தனித்தனியே வாக்களிக்க வேண்டும். இரண்டிலும் ஒருவரே பெரும்பான்மை பெறாவிடில், மறுநாள் முதல் இரு அவைகளும் கூட்டாக அமர்ந்து, ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை நாள்தோறும் ஒரு முறையேனும் வாக்களிக்க வேண்டும். ஒழுங்குபடுத்தவே இச்சட்டம் வந்தது. நடைமுறையில், பிளவுபட்ட கட்சியின் ஒரு சிறு குழு பிடிவாதமாக இருந்தால் கூட்டத்தொடர் முழுவதையும் விழுங்கிவிடக்கூடிய கருவியாக அது மாறியது. 1891 க்கும் 1905 க்கும் இடையில் 20 மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட முடக்கங்கள் நேர்ந்தன.

மிக மோசமான எடுத்துக்காட்டு டெலவெயர். எரிவாயுத் தொழிலில் செல்வம் ஈட்டிய ஜோன் எட்வர்ட் அடிக்ஸ் என்பவர் செனட் பதவியை அடைய முனைந்ததால் அம்மாநிலக் குடியரசுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. அவரை ஆதரித்தோரால் அவரை வெற்றி பெறச் செய்ய இயலவில்லை. எதிர்த்தோரால் வேறொருவரைத் தெரிவு செய்யவும் இயலவில்லை. அதன் விளைவாக 1899 முதல் 1903 வரை ஓர் இடமும், 1901 மார்ச்சு முதல் 1903 மார்ச்சு வரை இரண்டு இடங்களுமே வெற்றிடமாகக் கிடந்தன. மாநிலங்களின் குரலுக்காகவே அமைந்த அவையில் ஒரு மாநிலத்துக்குக் குரலே இல்லாது போனது. அதுவும் இம்முறையை முன்மொழிந்த டிக்கின்சனின் மாநிலம்.

மொன்ட்டானாவில் செப்புச் சுரங்க அதிபர் வில்லியம் கிளார்க் 1899 இல் தெரிவு செய்யப்பட்டார். வாக்கெடுப்புக்கு முன்னரே பிரெட் வைட்சைட் என்னும் மாநில மேலவை உறுப்பினர், வாக்குகளை வாங்குவதற்கெனத் தரப்பட்டதாகக் கூறி 30,000 டாலர் பணத்தாள்களை அவையின் முன் வைத்தார். அதற்குப் பின்னும் கிளார்க் வென்றார். செனட் குழு விசாரித்து அவர் தெரிவு செல்லாது என அறிக்கை அளிக்கவே, 1900 மே மாதத்தில் பதவி விலகினார். ஆளுநர் வெளியூர் சென்றிருந்த வேளையில் துணை ஆளுநர் அதே வெற்றிடத்துக்குக் கிளார்க்கையே நியமித்தார்! திரும்பி வந்த ஆளுநர் அந்நியமனத்தை ஏற்க மறுத்து வேறொருவரை நியமித்தார். 1901 இல் புதிய சட்டமன்றம் கிளார்க்கை மீண்டும் தெரிவு செய்தது. இம்முறை 1907 வரை முழுப் பதவிக்காலமும் இருந்தார்.

இலினொய் மாநிலத்தில் வில்லியம் லோரிமர் பல மாத முடக்கத்துக்குப் பின் 1909 மே மாதத்தில் தெரிவானார். அவருக்கு வாக்களிக்கத் தாம் பணம் பெற்றதாகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அளித்த வாக்குமூலத்தை 1910 இல் சிக்காகோ டிரிபியூன் நாளிதழ் வெளியிட்டது. 1911 இல் செனட் 46 க்கு 40 என்ற வாக்குகளில் லோரிமரைக் காப்பாற்றியது. புதிய சான்றுகள் வெளிவந்த பின் 1912 சூலை 13 அன்று 55 க்கு 28 என்ற வாக்குகளில் அவருடைய தெரிவு செல்லாது என அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே திருத்தம் காங்கிரசில் நிறைவேறிவிட்டது.

ஒரிகன் முறை

அரசியலமைப்பைத் திருத்தாமலே மக்கள் கையில் தெரிவைக் கொடுக்கும் வழியை ஒரிகன் மாநிலம் கண்டது. வில்லியம் உ'ரென் என்பவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக 1904 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டமன்றத்துக்குப் போட்டியிடுவோர் இரண்டு உறுதிமொழிகளில் ஒன்றில் ஒப்பமிடலாம். பொதுத் தேர்தலில் மக்கள் அதிக வாக்களித்த செனட் வேட்பாளரையே, அவர் எக்கட்சியினராயினும், ஆதரிப்பேன் என்பது முதலாவது. மக்கள் வாக்கை ஒரு பரிந்துரையாக மட்டுமே கொள்வேன் என்பது இரண்டாவது. ஒப்பமிடுமாறு எவரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டாவதில் ஒப்பமிட்டுவிட்டு வாக்குக் கேட்பது எளிதாக இருக்கவில்லை.

இம்முறையின் உண்மையான சோதனை 1909 இல் வந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் மக்கள் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜோர்ஜ் சேம்பர்லினை விரும்பியிருந்தனர். சட்டமன்றமோ பெரும்பான்மை குடியரசுக் கட்சியினரைக் கொண்டது. உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டு அவர்கள் எதிர்க்கட்சிக்காரரையே தெரிவு செய்தனர். 1912 அளவில் 29 மாநிலங்களில் கட்சி முன்தேர்தல் வழியாகவோ பொதுத் தேர்தல் வழியாகவோ செனட்டர் தெரிவில் மக்கள் பங்கேற்றனர். அவ்வகையில் பதினேழாவது திருத்தம், பெரும்பாலான மாநிலங்களில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சட்ட வடிவம் தந்தது எனலாம்.

காங்கிரசில் நடந்த போராட்டம்

நேரடித் தெரிவு கோரும் முதல் தீர்மானம் 1826 இலேயே கொண்டுவரப்பட்டது. 1893 முதல் 1902 வரை பிரதிநிதிகள் அவை ஐந்து முறை இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியது. பழைய முறையால் பதவி பெற்றவர்கள் நிறைந்த செனட் அதைப் பொருட்படுத்தவில்லை. 1906 இல் காஸ்மோபாலிட்டன் இதழில் டேவிட் கிரகாம் பிலிப்ஸ் எழுதிய தொடர் செனட்டர்களின் வணிகத் தொடர்புகளை வெளிப்படுத்திப் பரபரப்பை உண்டாக்கியது. மறுபுறம், மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் கோரினால் அரசியலமைப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியாக வேண்டும் என்னும் விதியைப் பயன்படுத்திப் பல மாநிலங்கள் விண்ணப்பித்தன. அத்தகைய மாநாடு எதையெல்லாம் மாற்றுமோ என்ற அச்சம் செனட்டை அசைத்தது.

1911 இல் தீர்மானம் செனட்டுக்கு வந்தபோது சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. செனட் தேர்தல்களின் நடைமுறையை ஒழுங்குபடுத்த நடுவண் அரசுக்கு இருந்த அதிகாரத்தை நீக்கும் வாசகம் அத்தீர்மானத்தில் இருந்தது. தம் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தடுத்து வைத்திருந்த தென்மாநில உறுப்பினர்கள் இவ்வாசகத்தை வலியுறுத்தினர். யூட்டாவின் ஜோர்ஜ் சதர்லாந்து கொண்டுவந்த மாற்றத்தின்படி அது நீக்கப்பட்டதும் அவர்களுடைய ஆதரவு விலகியது. பெப்ரவரி 28 அன்று தீர்மானம் 54 க்கு 33 வாக்குகள் பெற்று, மூன்றில் இரு பங்குக்கு நான்கு வாக்குகள் குறைந்து தோற்றது. சூன் 12 அன்று கேன்சஸ் மாநிலத்தின் ஜோசப் பிரிஸ்டோ அதே மாற்றத்தை மீண்டும் முன்வைத்தார். வாக்குகள் 44 க்கு 44 எனச் சமநிலையில் நிற்க, துணைக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் செர்மன் தம் வாக்கால் அதை நிறைவேற்றினார். பின் முழுத் தீர்மானமும் 64 க்கு 24 என நிறைவேறியது. பிரதிநிதிகள் அவை ஏறத்தாழ ஓராண்டு இழுபறிக்குப் பின் 238 க்கு 39 என்ற வாக்குகளில் அதை ஏற்றது.

மாசச்சூசெட்ஸ் முதலாவதாக ஒப்புதல் அளித்தது. 48 மாநிலங்களில் தேவையான 36 ஆவது ஒப்புதலைக் கனெக்டிகட் தந்தது. யூட்டா நிராகரித்தது. டெலவெயர் 2010 இல்தான் ஒப்புதல் அளித்தது.

விளைவுகள்

திருத்தத்தின்படி மாநிலச் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு வாக்களிக்கத் தகுதியுடைய அனைவரும் செனட் தேர்தலிலும் வாக்களிக்கலாம். முதல் நேரடித் தெரிவு 1913 சூலையில் ஜோர்ஜியாவில் நடந்தது. 1914 பொதுத் தேர்தலில், சட்டமன்றங்களால் தெரிவாகி மீண்டும் போட்டியிட்டவர்கள் பெரும்பாலும் வென்றனர். எதிர்பார்க்கப்பட்ட புரட்சி எதுவும் நிகழவில்லை.

வாக்காளர் தகுதியை மாநிலங்களே வகுத்ததால், தெற்கில் 'மக்கள்' என்பது நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளையரையே குறித்தது. தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் 1960களில் ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் மிசிசிப்பி சட்டமன்றம் ஹைரம் ரெவல்ஸ், பிளான்ச் புரூஸ் ஆகிய இரு கறுப்பினத்தவரை 1870களில் செனட்டுக்கு அனுப்பியிருந்தது. மக்கள் வாக்கினால் தெரிவான முதல் கறுப்பினச் செனட்டர், 1966 இல் வென்ற மாசச்சூசெட்சின் எட்வர்ட் புரூக் ஆவார்.

இடையில் வெற்றிடம் ஏற்பட்டால் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் ஆளுநருக்கு வழங்கலாம். பழைய முறையின் எச்சமான இதிலும் ஊழல் புகுந்தது. பராக் ஒபாமா விட்டுச்சென்ற இடத்துக்கான நியமனத்தை விலைபேச முயன்றதாக இலினொய் ஆளுநர் ராட் பிளகோயெவிச் 2008 திசம்பரில் கைது செய்யப்பட்டு, 2009 சனவரியில் பதவி நீக்கப்பட்டார். 2011 இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவருடைய தண்டனைக் காலத்தைக் குடியரசுத் தலைவர் டிரம்ப் 2020 இல் குறைத்து, 2025 இல் மன்னிப்பும் வழங்கினார்.

நீக்கக் கோரிக்கை

திருத்தத்தை நீக்க வேண்டும் என்போர், நடுவண் அரசின் அதிகாரம் 20 ஆம் நூற்றாண்டில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கின்றனர். சட்டமன்றத்துக்குக் கடமைப்பட்ட செனட்டர், மாநிலங்கள் மீது செலவைச் சுமத்தும் சட்டங்களை எதிர்த்திருப்பார் என்பது அவர்கள் வாதம். ஜோர்ஜியா செனட்டர் செல் மில்லர் 2004 இல் நீக்கத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார், அது முன்னேறவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியாவும் இத்திருத்தத்தைக் குறைகூறியுள்ளார்.

இவ்வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ஆயினும் திரும்ப அழைக்கும் அதிகாரம் இல்லாத நிலையில் சட்டமன்றங்கள் செனட்டர்களைக் கட்டுப்படுத்தியது பெயரளவில்தான் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. மேலும் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளைப் பெரும்பான்மைக் கட்சியே வரையும் மாநிலங்கள் பல உள்ளன. பழைய முறை திரும்பினால் அந்த எல்லைக்கோடுகளே செனட்டர்களையும் தீர்மானிக்கும். மாநில எல்லையோ எவராலும் மாற்றி வரையப்படாதது.

பிற நாடுகளில்

அமெரிக்க முன்மாதிரியைப் பின்பற்றி மாநிலங்களுக்குச் சம இடங்கள் அளித்த ஆத்திரேலிய செனட், 1901 இல் தொடங்கும்போதே மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்பட்டது. இந்தியாவின் மாநிலங்களவை உறுப்பினர்களை இன்றும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே தெரிவு செய்கின்றனர். அங்கு ஒற்றை மாற்று வாக்கு முறையில் விகிதாசாரப்படி தெரிவு நடைபெறுவதால் டெலவெயரில் நேர்ந்தது போன்ற முடக்கம் எழுவதில்லை. பணம் பெற்று மாற்றி வாக்களிப்பதைத் தடுக்க, 2003 இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் வாக்கு வெளிப்படையாக்கப்பட்டது. அதே சட்டம், உறுப்பினர் தாம் தெரிவாகும் மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. இவ்விரண்டையும் எதிர்த்துக் குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2006 இல் தள்ளுபடி செய்தது.