அறுபத்தெட்டு மாதப் பாக்கி

திருச்சி காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. இந்த ஊரிலிருந்து 302 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிர் விட்டார்கள் என்கிறது அதன் கல்வெட்டு. போனவர்களின் கணக்கு இருக்கிறது. செத்தவர்களின் கணக்கும் இருக்கிறது. கை, கால், கண் இழந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் கல்லில் இல்லை.

அந்தக் கல்லைத் தாண்டித்தான் வெங்காய லாரிகள் மண்டிக்குப் போகின்றன. மூட்டை தூக்குவது யார், கல்லாவில் உட்காருவது யார், விடிந்ததும் அழுகிய காய்கறியை அள்ளுவது யார் என்று இதைப் படிக்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது வருடம் மூட்டை தூக்கினால் முதுகெலும்பு தேய்கிறது, முழங்கால் போய்விடுகிறது. அப்படி வீட்டில் முடங்கியவர்களின் கணக்கையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைக்கும் வீட்டுக்குமான போராட்டத்தின் வரலாறு, யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டையின் வரலாறுதான். தலித் இயக்கத்தில் இருக்கும் நாம் அதைத் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 சதவீதம். யார் எந்த வேலை செய்வது, யாருக்கு எப்போது வைத்தியம் கிடைப்பது என்பதில் இருக்கும் சாதி, உடம்பிலும் தெரியத்தானே செய்யும்?

முதலாளி இருந்தால் சட்டம், இல்லாவிட்டால் போலீஸ்

1923இல் பிரிட்டிஷ் அரசு தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலே இருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் விரல் இழந்த தொழிலாளி அந்தப் பட்டியலைக் காட்டிப் பேச முடிந்தது. இன்று இந்த மண்டி, நாளை அந்த மண்டி என்று கூலிக்கு மூட்டை தூக்கியவர் முதலாளி என்று யாரைக் காட்டுவார்? அவரைப் போன்றவர்களுக்கென்று தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது 1982இல்தான்.

அதற்கு வெகுமுன்பே வேறொரு சட்டம் வந்துவிட்டது. அது 1945ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். உடம்பு முடியாமல் சந்தை வாசலில் கை நீட்டியவரை அது போலீஸ் கையில் கொடுத்தது. சம்பளம் தர முதலாளி இல்லாத ஏழை ஊனமுற்றவர், அரசின் கண்ணில் பிடித்துப் போக வேண்டிய ஆள்.

அரசியலமைப்புச் சட்டம் இந்தப் பார்வையைக் கொள்கையளவில் மாற்றியது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு தந்த அந்தச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்ற வாலும் அதில் உண்டு. இந்த வாலை நினைவில் வையுங்கள். பின்னால் மறுபடி வரும்.

'ஆதரவற்றவர்' என்று யார் எழுதித் தருவது?

1962 ஏப்ரலில், காமராசர் முதல்வராக இருந்தபோது, முதியோர் ஓய்வூதியம் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித் திட்டம் 1974 நவம்பரில், கலைஞர் ஆட்சியில் வந்தது. அதன் பெயர் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம். பெயரைக் கவனியுங்கள். உடம்பு முடியவில்லை என்று காட்டினால் போதாது, கேட்க நாதியில்லை என்றும் காட்ட வேண்டும். பரம்பரை மணியக்காரர் முறை தமிழ்நாட்டில் 1980 வரை இருந்தது. மணியக்காரர் ஊர்த்தெருவில், மனு கொடுப்பவர் சேரியில் என்றால் விசாரணை எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தடியடியும் சாப்பாடும்

எந்த உரிமையும் யாரோ மனமிரங்கித் தந்ததில்லை. 1980 மார்ச் 16 அன்று டெல்லியில் ஊர்வலம் போன பார்வையற்றவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஐ.நா.வின் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற 1995 டிசம்பர் ஆயிற்று. அரசு வேலையில் 3 சதவீதம், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் குறைந்தது 3 சதவீதம், சலுகை விலையில் வீட்டு நிலம் ஒதுக்குவதில் முன்னுரிமை ஆகியவை அந்தச் சட்டத்தில் வந்தன. ஆனால் எத்தனை பேருக்கு என்ற எண் அரசிடம் இல்லை. 1991 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. இயக்கங்கள் போராடிய பிறகுதான் 2001இல் கேள்வி சேர்ந்தது. நாட்டில் 2.19 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பது அப்போது ஏட்டில் ஏறியது.

நமக்கு நெருக்கமான இன்னொரு போராட்டம் அமெரிக்காவில் நடந்தது. மத்திய அரசின் நிதி பெறும் எந்த இடமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1973இல் அங்கே சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகள் ஆகியும் அதற்கான விதிகளில் அரசு கையெழுத்திடவில்லை. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கினார்கள். சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள், படுக்கையில் திருப்பிப் போட ஆள் தேவைப்படுபவர்கள் எல்லோரும் தரையில் படுத்தார்கள். அவர்களுக்குத் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தது யார் தெரியுமா? பிளாக் பேந்தர் கட்சி. உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் என்ற பேந்தரும் ஒருவர். நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். ஏப்ரல் முடிவதற்குள் விதிகளில் கையெழுத்தானது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பெயர் எடுத்துக்கொண்டது இந்தப் பேந்தர்களிடமிருந்துதான். பெயரை எடுத்த அளவுக்கு அந்தச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நாம் எடுத்துக்கொண்டோமா?

250 ரூபாய் கணக்கு

2017 ஏப்ரல் 19 அன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது. அதன் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டங்களில் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அப்போது வருவாய்த்துறை தந்த முதியோர் ஓய்வூதியம் 1,000 ரூபாய். மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் அதே 1,000 ரூபாய். சட்டப்படி குறைந்தது 1,250 வந்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் அரசு அலுவலகங்களில் 'குடியேறும் போராட்டம்' நடத்தியது. 3,000 ரூபாய் கேட்டார்கள். தெலங்கானா அப்போதே 3,016 ரூபாய் தந்துகொண்டிருந்தது. 2022 டிசம்பர் 3 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் உயர்வை அறிவித்தார். 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய், பெறுபவர்கள் சுமார் 4.39 லட்சம் பேர்.

2017 மே முதல் 2022 டிசம்பர் வரை 68 மாதங்கள். மாதம் 250 ரூபாய் வீதம் ஒருவருக்கு 17,000 ரூபாய். இந்தப் பாக்கியைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. கேட்டால், 41ஆவது பிரிவில் பார்த்த அதே வால் 24ஆவது பிரிவிலும் இருக்கிறது என்று காட்டுவார்கள். 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதோடு 25 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500 வரும். சட்டம் சொன்ன குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. ஒன்றிய அரசின் பங்கோ அதைவிட மோசம். 80 சதவீத ஊனமும் வறுமைக்கோடும் சேர்ந்தால்தான் பணம், அதுவும் 2012இல் வைத்த 300 ரூபாய். பத்தாண்டுகள் கடந்தும் அது அசையவில்லை.

வீடு: இரண்டு கேள்விகள்

அதே சட்டத்தின் 37ஆவது பிரிவு, அரசின் வீட்டுத் திட்டங்களிலும் விவசாய நில ஒதுக்கீட்டிலும் 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரச் சொல்கிறது. பெண்களுக்கு முன்னுரிமை. ஆனால் எந்த மாடியில் என்பதுதான் வாழ்க்கை. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். லிஃப்ட் நின்றால் மேல்மாடியில் இருப்பவருக்கு வீடே சிறை.

வாடகை வீடு தேடும் தலித் மாற்றுத்திறனாளியிடம் இரண்டு கேள்விகள் வரும். "நீங்க என்ன ஆளுங்க?" என்பது முதல் கேள்வி. "படி ஏற முடியுமா?" என்பது இரண்டாவது. மறுப்பவர் எதற்காக மறுத்தார் என்று சொல்லமாட்டார். சட்டமோ அதைத்தான் நிரூபிக்கச் சொல்கிறது. 2021 ஏப்ரலில் பாட்டன் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. சாதி, பாலினம், ஊனம் மூன்றும் சேர்ந்து ஒடுக்கும்போது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் விரிவாக எழுதியது. ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை, சாதிக்காக நடந்தது என்பதற்கு ஆதாரம் போதாது என்று ரத்து செய்தது.

அலுவலகங்களிலும் இதே பிரிவினைதான். பட்டாவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை, உதவித்தொகைக்கு வேறு துறை. இரண்டு வரிசை, இரண்டு சான்றிதழ், இரண்டு நாள் கூலி. நம் சங்கங்கள் சாதி வரிசையில் நிற்கின்றன, அவர்களின் சங்கங்கள் ஊன வரிசையில் நிற்கின்றன. இரண்டிலும் நிற்க வேண்டியவர் தனியாக நிற்கிறார்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒதுக்கிய அரசு வீடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை? அவற்றில் தரைத்தளம் எத்தனை? பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? பதில் வந்தால் அதோடு, வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவோடு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அந்த நாற்காலிகளில் எத்தனை சேரிக்கு வந்து சேர்கிறது என்பதையும் எண்ணுங்கள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவர்கள் அடுத்த முறை உட்காரும்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். போனால் உடனே திரும்பாதீர்கள், கூடவே உட்காருங்கள்.