இயன்றவரை: மருந்துப் பெயர்களின் அரை நூற்றாண்டு

‘லாபியிங்’ என்பதற்குத் தமிழில் இன்னும் நிலைபெற்ற சொல் கிடையாது. நாளிதழ்கள் ‘லாபி’ என்றே எழுதுகின்றன. ‘ஆதரவு திரட்டல்’ என்றால் தேர்தல் நினைவுக்கு வருகிறது. ‘அழுத்தக் குழு’ பாடநூலைத் தாண்டவில்லை. சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லாமற் போய்விடாது. ஒரு கொள்கை ஆவணத்தின் அடுத்தடுத்த வடிவங்களை அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு அதன் தடயம் தெரியும்: ஓர் எண் குறைந்திருக்கும், ஒரு வினையடை நுழைந்திருக்கும், ஒரு விதி காலவரையின்றித் தள்ளப்பட்டிருக்கும். மொழியியல் படித்த எனக்கு இந்திய மருந்துக் கொள்கையின் வரலாறு பெரிதும் இத்தகைய சிறு திருத்தங்களின் வரலாறாகவே தோன்றுகிறது. அவற்றுள் ஒரு சரட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: மருந்துச் சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்ற வழக்கு.

ஒரு மருந்துக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று பொதுப்பெயர். உலக நலவாழ்வு நிறுவனம் 1950இல் தொடங்கி 1953இல் முதற்பட்டியல் வெளியிட்ட பன்னாட்டுப் பெயரிடல் முறையில் அமைவது. அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ‘சிலின்’ என முடிந்தால் பெனிசிலின் குடும்பம், ‘வாஸ்டாட்டின்’ என முடிந்தால் கொழுப்பைக் குறைப்பது. விகுதியே வகுப்பைச் சொல்லிவிடுகிறது. மற்றது வணிகப் பெயர். அது எதையும் சொல்லக் கடமைப்பட்டதன்று. நினைவில் நின்றால் போதும். பாராசிட்டமாலை நாம் ‘குரோசின்’ என்று கேட்டு வாங்கும்போது, பொருட்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிறுவனத்தின் உடைமைப்பெயர் அமர்ந்திருக்கிறது. காப்புரிமை காலாவதியான பிறகும் விலையை உயர்வாக வைத்திருக்க உதவுவது இந்த இடமாற்றமே.

விடுதலைக்குப் பிந்தைய முதற்போர் பெயரைப் பற்றியதன்று, காப்புரிமையைப் பற்றியது. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே பயன்படாமல் கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. மருந்துக்குச் செய்முறைக் காப்புரிமை போதும், பொருட்காப்புரிமை கூடாது என்பது அதன் சாரம். அது சட்டமாக 11 ஆண்டுகள் ஆயின. 1965இல் வந்த மசோதா மக்களவை கலைந்ததும் காலாவதியானது. 1967இல் மீண்டும் வந்தது. 1970இல் நிறைவேறி 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாமதம் முழுவதையும் அயல்நாட்டு நிறுவனங்களின் கணக்கில் எழுதுவது மிகை. ஆனால் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் யாருக்கு வருவாய் ஈட்டித் தந்தது என்பதில் ஐயமில்லை. அச்சட்டத்தால் வளர்ந்த உள்நாட்டு நிறுவனங்கள் பின்னாளில் பெயர்ப்போரில் எதிரணியில் நின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொழிற்துறை என்பது ஒற்றைக் குரல் அன்று. ஒரு சீர்திருத்தத்தின் பயனாளி அடுத்த சீர்திருத்தத்தின் தடையாளி ஆகலாம்.

பெயர்ப்போர் ஹாத்தி குழுவில் தொடங்குகிறது. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் 1974இல் அமைந்த அக்குழு 1975 ஏப்ரலில் அறிக்கை தந்தது. 117 இன்றியமையா மருந்துகளின் பட்டியல், தேசிய மருந்து ஆணையம், பன்னாட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கல் எனத் துணிவான பரிந்துரைகள் அதில் இருந்தன. வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், முதற்படியாக 13 மருந்துகளில் தொடங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இரண்டு மாதங்களில் நெருக்கடி நிலை வந்தது. பிறகு ஆட்சி மாறியது. ஜனதா அரசு 1978இல் வெளியிட்ட மருந்துக் கொள்கையில் நாட்டுடைமை இல்லை. 13 என்பது 5 ஆகியிருந்தது: அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்புரோமசின், பெர்ரஸ் சல்பேட், பைபரசின். 1981இல் அரசு இந்த ஐந்துக்குமாக விதிகளைத் திருத்தியபோது ஹெக்ஸ்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. திருத்தம் அங்கே நிலைக்கவில்லை. பதின்மூன்று, ஐந்து, சுழியம். விலைக் கட்டுப்பாட்டிலும் இதே சரிவைக் காணலாம்: 1979 ஆணையில் 347 மூலமருந்துகள், 1987இல் 142, 1995இல் 80க்கும் குறைவு. இந்த எண்களைக் குறைக்க எவரும் மேடையேறிப் பேச வேண்டியிருக்கவில்லை.

அந்த ஐவர் பட்டியலில் ஆஸ்பிரின் இருப்பது ஒரு சுவையான முரண். ‘ஆஸ்பிரின்’ பிறப்பால் பொதுப்பெயரே அன்று. பாயர் நிறுவனம் 1899இல் பதிவுசெய்த வணிகப் பெயர். முதல் உலகப்போரின் விளைவாலும், மக்கள் நாவில் அது பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1921இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஏற்றதாலும், பல நாடுகளில் அது உடைமைத் தன்மையை இழந்தது. ஜெர்மனியில் இன்றும் அது வணிகக்குறியே. பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் ஒலியோ உருபோ முடிவுசெய்வதில்லை; அதன்மேல் யாருக்கு உரிமை என்பதே முடிவுசெய்கிறது.

மருத்துவர்களின் எதிர்வாதத்தைத் தொழிற்துறையின் குரல் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. பொதுப்பெயரை மட்டும் எழுதினால், எந்த நிறுவனத்தின் மாத்திரை நோயாளிக்குப் போகும் என்பதை முடிவுசெய்வது மருந்துக் கடைக்காரர் ஆகிறார். தரச் சோதனை வலுவற்ற நாட்டில் இது மெய்யான அச்சம். ஆயினும் இந்தியச் சந்தையில் வணிகப் பெயரோடு விற்பவற்றுள் பெரும்பாலானவை காப்புரிமை நீங்கிய மருந்துகளே. பல நிறுவனங்கள் அவற்றை வேறொருவர் ஆலையில் செய்வித்து, தம் பெயரை ஒட்டி விற்கின்றன. பெயர் தரத்துக்குச் சான்றாகாத இடத்தில், தரம் குறித்த கவலை சோதனைக்கூடங்களைக் கேட்க வேண்டும். பெயரைக் காக்கக் கூடாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் செய்துவருவது அதைத்தான். பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, வரும் மருந்துகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ராஜஸ்தான் 2011இல் ஏறத்தாழ அதே வழியில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. அரசே வாங்குபவராக இருக்கும் இடத்தில் வணிகப் பெயருக்கு வேலையில்லை, சட்டப்போரும் தேவைப்படவில்லை. போர் முழுவதும் தனியார் மருத்துவரின் மேசைமேல் நடப்பது.

அந்த மேசைக்கான விதிதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், மருத்துவர் ‘இயன்றவரை’ பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்றன. ‘இயன்றவரை’ என்னும் வினையடை ஏவலின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ஆற்றலை மட்டும் உறிஞ்சிவிடுகிறது. இயன்றதா இல்லையா என்று அளப்பவரும் அவரேதானே! 2016 திருத்தம் அச்சொல்லை நீக்கியது. அதே வாக்கியத்தில், தெளிவாகவும் ‘விரும்பத்தக்கவாறு’ பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்ற தொடர் சேர்ந்தது. நெகிழ்வு பெயரிலிருந்து விலகி எழுத்துருவத்துக்குக் குடிபெயர்ந்தது. 2017இல் பிரதமர் சூரத்தில் இதற்குச் சட்டமே வரும் என்று பேசினார்.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிமுறைகளை அறிவித்தது. பொதுப்பெயரில் எழுதும் கடமையோடு, மீறினால் உரிமத்தை இடைநிறுத்துவது வரையான தண்டனையும் முதன்முறையாகத் தெளிவாகப் பேசப்பட்டது. மருந்து நிறுவனங்களின் கொடைகளையும் அவற்றின் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளையும் கட்டுப்படுத்தும் பிரிவுகளும் அதில் இருந்தன. ஊடக விவாதத்தில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. இந்திய மருத்துவ சங்கமும் இந்திய மருந்துக் கூட்டமைப்பும் அமைச்சரிடம் முறையிட்டன. ஆகஸ்ட் 23 அன்று விதிமுறைகள் நிறுத்திவைக்கப்பட்டன. இடையில் 21 நாட்கள்.

நிறுத்திவைத்த அறிவிக்கை, அதுவரை 2002 விதிமுறைகளே செல்லும் என்றது. அதாவது 2016இல் ‘இயன்றவரை’ நீங்கிய அந்த வாக்கியம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவரும் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்றே அது சொல்கிறது. உங்கள் வீட்டில் கடைசியாக வந்த மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.