கம்பங்கதிரும் காகிதத் துண்டும்: எல்.எஸ்.டி.யின் உடல்நல விளைவுகள் பற்றிக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு விவாதம்

கம்பு பூத்திருக்கும் நாள்களில் தூறலும் மூட்டமுமாகவே இருந்தால், கதிரின் பூக்களிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு நீர் துளித்துளியாகக் கசியும். விரல் பட்டால் ஒட்டும். எறும்பும் ஈயும் மொய்க்கும். கொங்குச் சீமையின் மானாவாரிக் காடுகளில் கம்பு விதைத்தவர்களுக்குத் தெரிந்த காட்சிதான் இது. வேளாண் நூல்கள் இதைத் தேன் ஒழுகல் நோய் என்கின்றன. சில நாளில் அந்தத் தேன் வற்றி, மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பான கட்டி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்லும் கைமுறை எளிது. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையைக் கொட்ட வேண்டும். நோய்க்கட்டி மிதக்கும், நல்ல மணி அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.

எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றப் போதைப்பொருள் பற்றிய கட்டுரையைக் கம்பங்காட்டில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டியை உண்டாக்கும் கிளாவிசெப்ஸ் என்ற பூஞ்சையினத்தின் ஐரோப்பிய உறவு, ரை தானியத்தில் வளரும் எர்காட். எல்.எஸ்.டி.க்கு வேராகிய லைசர்ஜிக் அமிலம் எர்காட்டின் வேதிப்பொருள்களிலிருந்தே பெறப்பட்டது. ஒரு நஞ்சைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டியவை: பொருள் எது, அளவு எவ்வளவு, உண்பவர் யார். கம்பு விதைத்தவர் முதற்கேள்விக்கு உப்புத் தண்ணீரில் விடை கண்டுகொண்டார். இன்று கல்லூரி மேடைகளில் நிகழும் போதை எதிர்ப்புப் பேச்சுகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. அச்சத்தை மட்டும் ஊட்டுகின்றன. அந்த அச்சம், ஆபத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் உறவுமுறையைச் சரிசெய்துகொள்வோம். "இயற்கையில் விளைவதுதானே, நம் கம்பிலேயே இருக்கிறதே" என்று இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழை. கம்பில் வரும் கிளாவிசெப்ஸ் பியூசிஃபார்மிஸ் தருவது கிளாவைன் வகை நஞ்சு. லைசர்ஜிக் அமில வகை அன்று. 1975இல் ராஜஸ்தானில் நோய்க்கம்பு தின்ற கிராம மக்களை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். குமட்டல், ஓயாத வாந்தி, தலைச்சுற்றல், விடாத தூக்கக் கலக்கம் ஆகியவைதான் அவர்கள் கண்ட குறிகள். காட்சி மயக்கமும் இல்லை, ஞான தரிசனமும் இல்லை. சோளத்தில் வரும் தேன் ஒழுகலுக்குக் காரணமான பூஞ்சைக்கு 1917இல் முதன்முதலில் அறிவியல் பெயரிட்டவர் சென்னை மாகாண வேளாண் துறையின் பூஞ்சையியலாளர் மெக்ரே. அதை அவர் பயிர் நோயாகவே எழுதிவைத்தார். நம் மண்ணுக்கு இந்தப் பூஞ்சைக் குடும்பத்தோடு பழக்கம் பழையது. ஆனால் அந்தப் பழக்கம் எல்.எஸ்.டி.க்குச் சான்றிதழ் ஆகாது.

குடும்பத்தின் இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு உதிரப்போக்கு நிற்காதபோது நம் பிரசவ அறைகளில் போடும் மெத்தர்ஜின் ஊசி, லைசர்ஜிக் அமிலத்தின் நேர்ப் பேறு. அதை உருவாக்கிய பேசல் நகரத்துச் சான்டோஸ் ஆய்வுக்கூடத்தில்தான் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யையும் செய்தார். 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராம் உட்கொண்டு அதன் வேகத்தைத் தாமே கண்டார். ஒரே வேரிலிருந்து தாயின் உயிர் காக்கும் மருந்தும் மனத்தைக் குலைக்கும் பொருளும் வந்தன. எனவே "எர்காட்டிலிருந்து வந்தது, ஆகவே கொடிய விஷம்" என்ற வாதமும் "செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது" என்ற வாதமும் ஒன்றாகவே விழுகின்றன.

இனி, பரவலாக நம்பப்படும் பொய்கள். முதலாவது, எல்.எஸ்.டி. மரபணுவை உடைத்து ஊனக் குழந்தைகளைப் பிறப்பிக்கும் என்பது. இதற்கு ஒரு பிறந்த தேதியே உண்டு. 1967இல் கோயனும் உடனாய்வாளர்களும் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் இருந்த வெள்ளணுக்களில் எல்.எஸ்.டி.யைச் சேர்த்தபோது குரோமோசோம்கள் உடைந்தன, பலமுறை எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்ட ஒரே ஒரு மனநோயாளியின் இரத்தத்திலும் உடைவுகள் தெரிந்தன. செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நான்கே ஆண்டில், 1971இல், அதே இதழில் டிஷாட்ஸ்கி குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை ஒருங்கே வைத்து அலசினார்கள். தூய எல்.எஸ்.டி. மிதமான அளவில் மனித உடலுக்குள் குரோமோசோம்களைச் சிதைப்பதாகச் சான்றில்லை என்று முடித்தார்கள். முதல் கட்டுரை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது; இரண்டாவது போகவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் நம்மூர்த் துண்டறிக்கைகளில் அந்தப் பொய் பழைய உருவிலேயே வாழ்கிறது. கருவுற்றவர்களுக்கு இது பாதுகாப்பானது என்று எவரும் நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, முதுகுத்தண்டு நீரில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ மூன்று மணிக்கொருமுறை பாதியாகிறது. ஓரிரு நாளில் உடலைவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் விளைவு 8 முதல் 12 மணி நேரம் நீள்கிறதே, எப்படி? 2017இல் செல் இதழில் வந்த கட்டமைப்பு ஆய்வு இதற்கு அழகான விளக்கம் தந்தது. செரட்டோனின் ஏற்பிக்குள் எல்.எஸ்.டி. அமர்ந்ததும், ஏற்பியின் ஒரு பகுதி பானைக்கு மூடி போட்டதுபோல் மேலே கவிழ்ந்துகொள்கிறது. மூலக்கூறு சட்டென்று வெளியேற முடிவதில்லை.

மூன்றாவது, ஒருமுறை தொட்டால் அடிமை என்பது. சாராயத்துக்கும் அபினுக்கும் உடல் ஏங்குவதுபோல எல்.எஸ்.டி.க்கு ஏங்குவதில்லை. அடுத்தடுத்த நாள்களில் உட்கொண்டால் அதே அளவு வேலை செய்யாமல் மரத்துப்போகிறது. இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு: உண்மையைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் துணிவு வந்துவிடுமே என்று. நான் அதை ஏற்கவில்லை. விடுதி அறையில் நண்பன் ஒருவன் ஒருமுறை எடுத்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருப்பதை, மேடைப் பேச்சைக் கேட்ட மாணவன் கண்ணால் பார்க்கிறான். மேடையில் கேட்டது பொய் என்று தெரிந்த கணத்தில், மேடையில் சொன்ன மெய்யையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான்.

தள்ளக்கூடாத மெய் எது? இங்கேதான் சான்றுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும். 2013இல் கிரெப்ஸ், யோஹான்சன் இருவரும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1,30,152 பேரின் விடைகளைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வகைப் பொருள்களை எடுத்திருந்த 21,967 பேரிடம் மனநலச் சிக்கல் கூடுதலாக இல்லை என்றார்கள். 2024இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மருத்துவப் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாயத்தோற்றப் பொருள்களால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் மூன்றாண்டுக்குள் 100க்கு சுமார் 4 பேருக்கு மனச்சிதைவு வகை நோய் கண்டறியப்பட்டது. பொது மக்களில் அது 0.15 மட்டுமே. பிற போதைகளையும் முன்பே இருந்த மனநோய்களையும் கணக்கில் கழித்த பிறகும் ஆபத்து ஏறத்தாழ 3.5 மடங்கு. முதல் ஆய்வை ஒரு கட்சியும் இரண்டாவதை எதிர்க்கட்சியும் தூக்கிப்பிடிக்கின்றன. என் வாசிப்பில் இரண்டும் முரண்படவில்லை. முதலாவது, எடுத்தவர் எல்லோரையும் சராசரியாக்குகிறது. வீட்டில் இருந்தபடி விடை சொல்ல முடிந்தவர்களைத்தான் அது எண்ணியது. இரண்டாவது, நிலைகுலைந்து மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்களை எண்ணியது. பெரும்பாலானோர் தப்பிவிடுகிறார்கள், சிலருக்கு அதுவே நோயின் வாசலாகிறது. அந்தச் சிலர் யார்? தாய்வழியிலோ தந்தைவழியிலோ மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். மருத்துவ ஆய்வுகளில் அத்தகையவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவது அதனால்தான்.

நம் ஊரில் இது எளிதான கேள்வி இல்லை. சித்தப்பாவுக்கு வந்த மனநோயைப் பெண் கொடுக்கல் வாங்கலுக்கு இடைஞ்சல் என்று மறைத்துவைக்கும் குடும்பங்கள் நிறைய. பதினெட்டு வயதுப் பையனுக்குத் தன் இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. மனச்சிதைவு தலைகாட்டும் வயதும், விடுதியில் முதன்முதலாகத் தனியே தங்கும் வயதும் ஒன்றாகவே அமைகின்றன. இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருபவர் இதைத் தொட்டால் வலிப்பு வரக்கூடும் என்பதும் வெளியே அதிகம் பேசப்படாத செய்தி. விளைவு தீர்ந்த பின்னும் மாதக்கணக்கில் பார்வையில் ஒளிக்கீற்றும் நகரும் நிழலும் தங்கிவிடுவது அரிது, ஆனால் உண்மை.

இனி, எல்.எஸ்.டி. விற்கப்படும் அந்தக் காகிதம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது; மேலே ஒரு பூவோ, பொம்மையோ அச்சிட்டிருக்கும். "ஸ்டாம்ப்" என்று பெயர். எல்.எஸ்.டி. வேலை செய்யும் அளவு 50 முதல் 200 மைக்ரோகிராம். உப்புக்கல் ஒன்றின் எடையைவிடக் குறைவு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே காகிதத்தைப் பார்த்து அதில் எவ்வளவு இருக்கிறது என்றோ, இருப்பது எல்.எஸ்.டி.தானா என்றோ எவராலும் சொல்ல முடியாது. எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்ற காகிதங்களில் என்-போம் வகைச் செயற்கைப் பொருள்கள் இருந்ததும், அவற்றால் உயிர்கள் போனதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 2015இல் அவற்றில் மூன்றைக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எல்.எஸ்.டி.யின் மிகையளவில்கூட மனிதர் பிழைத்திருக்கிறார்கள். 1972இல் சான் பிரான்சிஸ்கோவில் கொக்கெய்ன் என்று எண்ணி எல்.எஸ்.டி. தூளை மூக்கில் இழுத்த எட்டுப் பேர் காய்ச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வந்து, எட்டுப் பேரும் பிழைத்தார்கள். என்-போம் எப்போதும் அப்படி விட்டுவைப்பதில்லை. வலிப்பு, கட்டுக்கடங்காத உடற்சூடு, சிறுநீரகச் செயலிழப்பு என்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடும். கம்பு விதைத்தவருக்கு ஓர் உப்புக் கரைசல் இருந்தது. விடுதி அறையில் அப்படி ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பட்டைச் சோதனைகூட எல்.எஸ்.டி.யையோ என்-போமையோ பொதுவாகக் காட்டாது.

"வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களே" என்ற எதிர்வாதத்தை மதிக்கிறேன். பதற்ற நோய்க்கு எல்.எஸ்.டி. வடிவம் ஒன்றுக்கு 2024இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் திருப்புமுனைச் சிகிச்சை என்ற தகுதி அளித்தது உண்மை. அங்கே பொருளின் தூய்மை தெரியும். மைக்ரோகிராம் கணக்கில் அளவு தெரியும். நோயாளியின் குடும்ப வரலாறு தெரியும். நாள் முழுக்க ஆள் கூடவே இருக்கிறார். நான் தொடக்கத்தில் வைத்த எல்லாக் கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது. ஒன்றுக்கும் விடையில்லாத இடத்துக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் கொண்டுவருவது முறையன்று.

பயன்பாட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். 2019இல் வெளியான நடுவணரசின் கணக்கெடுப்பில் மாயத்தோற்றப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 0.12 விழுக்காடு, மது அருந்துவோர் 14.6 விழுக்காடு. கோவையில் வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் டாஸ்மாக்கும் எடுக்கும் உயிர்களின் பக்கத்தில் ஸ்டாம்ப் சிறு பகுதிதான். சிறு பகுதி என்பதாலேயே இதில் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் பழக்கம் குறைவு.

அந்தப் பழக்கக் குறைவு இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியும். பையன் வியர்த்துக் கொட்டுகிறான், கண்மணி விரிந்திருக்கிறது, சுவர் மூச்சுவிடுகிறது என்கிறான். "காத்துக் கருப்பு அண்டிருச்சுங்க" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நண்பர்கள் என்றால் கதவைச் சாத்திவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள். எல்.எஸ்.டி.க்கு மாற்று மருந்து இல்லை. அமைதியான, வெளிச்சம் குறைந்த அறை, பழகிய ஒரு குரல், தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் ஊசி ஆகியவற்றிலேயே பெரும்பாலும் தெளிந்துவிடும். உடல் அனலாகக் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மாடியிலிருந்து குதிக்கப் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மிச்சமிருக்கும் காகிதத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதத்தைத்தான் யாரும் காட்டுவதில்லை. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் அஞ்சுவது சட்டத்துக்கு. அந்த அச்சம் அடிப்படையற்றதும் அன்று. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் எல்.எஸ்.டி.யில் சிறிய அளவு என்பது 2 மில்லிகிராம், வணிக அளவு 100 மில்லிகிராம். காகிதத்தின் எடையையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று 2021இல் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. அப்படி நிறுத்தால் ஒரே ஒரு ஸ்டாம்ப்கூடச் சிறிய அளவைத் தாண்டிவிடும். சிகிச்சை நாடி வருவோருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் அது பேசுவது "அடிமை" ஆனவரைப் பற்றி. சட்டத்தின் வரையறைப்படி அடிமை என்றால் பொருளைச் சார்ந்து வாழ்பவர். எல்.எஸ்.டி. அப்படிச் சார்பை உண்டாக்குவதில்லை என்பதை மேலே கண்டோம். ஆக, முதன்முறை எடுத்துவிட்டு மிரண்டுபோய் அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் பையன், சட்டத்தின் சொற்படி பார்த்தால் அந்த விலக்குக்குள் வருவதில்லை. பலமுறை பழகி அடிமையானவனுக்குத் திறக்கும் கதவு அவனுக்குத் திறப்பதில்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவி தேடி வருபவர்மேலும் அவரைக் கூட்டிவருபவர்மேலும் நுகர்வுக்காக வழக்குப் போடுவதில்லை என்ற விலக்கை 64ஏ பிரிவிலேயே சேர்க்க வேண்டும். அதுவரை, நம் கல்லூரி முதல்வர்கள் தங்கள் விடுதிகளுக்குள்ளாவது அந்த வாக்கை எழுத்தில் கொடுத்து, உணவுக்கூடத்தின் சுவரில் ஒட்டிவைக்கலாம்.