புகைக்கு எங்கே எல்லை? – 9: இயந்திரத்துக்கு ஒரு விதி, மனுஷிக்கு ஒரு விதி

போன வாரம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சூப்பர்டோமில் நிறுத்தியிருந்தோம். கூரை போட்ட அந்தப் பிரம்மாண்டமான அரங்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள், பக்கத்து இருக்கைக்காரர் ஊதும் புகையை நாங்கள் ஏன் சுவாசிக்க வேண்டும் என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். 1976-ல் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் புகையில்லாத காற்றுக்கு அதில் உத்தரவாதம் கிடையாது. வேண்டுமானால் சட்டம் இயற்றுபவர்களிடம் போய் முறையிடுங்கள் என்று நீதிபதி கைவிரித்துவிட்டார்.

சிகரெட் கம்பெனிகளுக்கு இதைவிடத் தெம்பான தீர்ப்பு கிடைத்திருக்க முடியாது. புகை பிடிக்காதவர்கள் நீதிமன்றக் கதவைத் தட்டிப் பயனில்லை என்று ஆகிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 20-ம் தேதி நியூ ஜெர்சியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்த முறை வழக்குப் போட்டவர் ரசிகர் அல்ல. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பெண்.

*

டோனா ஷிம்ப். நியூ ஜெர்சி பெல் டெலிபோன் கம்பெனியில் அலுவலக ஊழியர். கூட வேலை பார்ப்பவர்கள் மேஜையில் உட்கார்ந்தபடியே சிகரெட் பிடிக்கலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க அலுவலகங்கள் பெரும்பாலும் அப்படித்தான். டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் சாம்பல் கிண்ணம் இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை.

ஷிம்புக்குப் புகை அறவே ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை எரியும். மூக்கில் எரிச்சல் கண்டு சில சமயம் ரத்தம் கசியும். தலைவலி, குமட்டல், வாந்தி. கண் எரிச்சல் முற்றிக் கருவிழியே புண்ணாகிப் போனது. புகையில்லாத இடத்தில் இருந்தால் இத்தனையும் அடங்கிவிடும். மறுபடி அலுவலகத்துக்குள் காலடி வைத்தால் திரும்பிவிடும். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தொழிற்சங்க வழியாகவும் முறையிட்டுப் பார்த்தார். ஒருவழியாகக் கம்பெனி இறங்கி வந்து, அவருடைய இடத்துக்கு அருகே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தது.

அந்த ஃபேனின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபேன் ஓடினால் குளிர்காற்று உள்ளே வீசுகிறது, எங்களால் உட்கார முடியவில்லை என்று மற்றவர்கள் புகார் சொன்னார்கள். சரி, நிறுத்தினார்கள். நிறுத்தினால் புகை. பிறகு சமரசம்: இன்ன நேரம் ஓடட்டும், இன்ன நேரம் நிற்கட்டும். அதுவும் பலிக்கவில்லை. ஒரே அறைக்குள் புகையையும் வைத்துக்கொண்டு, அது பிடிக்காதவரையும் உட்கார வைத்துக்கொண்டு, நடுவே ஓர் இயந்திரத்தை மாட்டிப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பது இதோடு முடியவில்லை. பின்னாளில் விமானங்களிலும் ஹோட்டல்களிலும் இதே முயற்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம். அந்தத் தோல்விகளில் ஒன்று இந்தச் சின்ன ஃபேனுக்கு.

வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சூப்பர்டோமில் புகை பொறுக்கவில்லை என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். நஷ்டம் ஒரு டிக்கெட் காசு. அலுவலகத்திலிருந்து எழுந்து போனால் நஷ்டம் சோறு. புகைப்பவரின் சுதந்திரம், புகைக்காதவரின் சுதந்திரம் என்று தராசில் நிறுக்கும்போது எத்தனையோ பேர் மறந்துவிடுகிற எடைக்கல் இதுதான். இரண்டு பேரில் ஒருவரால் இடத்தை விட்டு நகர முடியாது.

ஷிம்ப் நீதிமன்றத்துக்குப் போனார்.

*

நீதிபதி ஃபிலிப் குருச்சியோ அரசியல் சட்டத்தின் பக்கம் போகவே இல்லை. அதைவிடப் பழைய ஒன்றைக் கையில் எடுத்தார். வேலைக்கு ஆள் வைப்பவர் அந்த ஆளுக்குப் பாதுகாப்பான இடத்தைத் தர வேண்டும் என்பது இங்கிலாந்து வழிவந்த பொதுச் சட்டத்தில் நெடுங்காலமாக ஊறிப்போன கடமை. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்துகிற கடமை, கார்ப்பெட் போட்ட அலுவலகத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

தொழிலோடு கூடவே வரும் ஆபத்து என்று ஒன்று உண்டு, உண்மை. மாவு மில்லில் நிற்பவர் மேல் மாவு படியத்தான் செய்யும். ஆனால் டெலிபோன் கம்பெனி நடத்துவதற்கும் சிகரெட் புகைக்கும் என்ன சம்பந்தம்? புகை அந்தத் தொழிலின் விளைபொருள் இல்லை என்று நீதிபதி தெளிவாகச் சொன்னார். இந்த வேலைக்கு வந்ததாலேயே ஷிம்ப் அந்த ஆபத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்று யாரும் வாதாட முடியாது.

அடுத்து வந்ததுதான் வழக்கின் உயிர்நாடி. அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு புகைத்தடை இருந்தது! டெலிபோன் கருவிகள் இருக்கும் இடத்தில் ஊழியர்கள் சிகரெட் பிடிக்கக் கூடாது.

நம் ஊரில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். செருப்பைக் கழற்றச் சொல்லுவார்கள், தூசு ஆகாது, புகை ஆகவே ஆகாது. வரிசை வரிசையான அலமாரிகளில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ரிலேக்கள் டக் டக்கென்று ஒட்டியும் பிரிந்தும் ஒரு தொலைபேசியை இன்னொரு தொலைபேசியோடு சேர்க்கும். உலோக முனையோடு உலோக முனை தொட்டால்தான் பேச்சு கேட்கும். நடுவில் பிசுக்கு படிந்தால் இணைப்பு கெட்டுப்போகும். ஷிம்பின் கம்பெனியும் அந்த முனைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது.

நீதிபதி குருச்சியோ அங்கே போய் விரலை வைத்தார். இயந்திரம் நுட்பமானது, புகையால் கெடும், அதனால் தடை என்கிறீர்கள். மனித உடம்பும் நுட்பமானதுதான், அதுவும் புகையால் கெடும். இயந்திரம் கெட்டால் பழுது பார்க்கலாம். மனித உடம்பில் நேர்ந்த சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. கருவிக்குக் காட்டிய அக்கறையை ஊழியருக்கும் காட்டுங்கள். அவர் எழுதியதன் சாரம் இது. ஆண்டுகள் எத்தனை கடந்தாலும் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனம் சிலிர்க்கிறது. நுரையீரலுக்கு ஒரு பெண் கேட்டு வாங்க வேண்டியிருந்த மரியாதை, பக்கத்து அறையில் இருந்த இரும்பு அலமாரிக்குக் கேட்காமலே கிடைத்திருந்தது.

புகைப்பவர்களை அவர் விரட்டவில்லை. தன் உடல்நலத்தைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம். வேலை நிமித்தமாகத் தன் பக்கத்தில் இருந்தே தீர வேண்டியவரின் நலத்தையும் சேர்த்துப் பணயம் வைக்க அந்த உரிமை நீளாது என்றார். இடைவேளையில் பிடிக்க வேண்டுமா, சாப்பாட்டு அறையில் பிடியுங்கள். அலுவலகத்திலும் வாடிக்கையாளர் வந்து போகும் இடத்திலும் கூடாது. சிகரெட்டில் சிக்கிக்கொண்டவர்களில் பலர் அறியாப் பருவத்தில் சிக்கியவர்கள். அவர்களைக் கேவலப்படுத்தாமல், இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்த தீர்ப்பு இது. அந்த நிதானத்துக்காகவும் இதை மதிக்கிறேன்.

புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே ஒரு நீதிமன்றம் இதைச் செய்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தபோதும் கையில் எடுத்தது, பொதுத்தொல்லை பற்றியும் காற்றைக் கெடுப்பது பற்றியும் 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவுகளைத்தான். அந்த அமர்வின் இரு நீதிபதிகளில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரர், ஏ.ஆர்.லட்சுமணன். அந்தக் கதைக்கு இன்னும் சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

*

ஷிம்ப் தரப்பில் பிரமாண வாக்குமூலம் கொடுத்த மருத்துவர்களில் ஒரு பெயர் கனமானது: ஜெஸ்ஸி ஸ்டெய்ன்ஃபெல்ட். அமெரிக்க அரசின் முன்னாள் சர்ஜன் ஜெனரல், அதாவது நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி. 1971 ஜனவரியிலேயே உணவகம், திரையரங்கு, விமானம், ரயில், பேருந்து என அடைத்த பொது இடங்கள் அத்தனையிலும் புகையைத் தடை செய்ய வேண்டும், புகைக்காதவர்களுக்கு உரிமைப் பட்டயம் வேண்டும் என்று பேசியவர். தன் அலுவலகத்தில் சாம்பல் கிண்ணங்களை எடுத்துவிட்டு, புகைக்காமல் இருப்பதற்கு நன்றி என்று பலகை வைத்தவர். 1972-ல் அவர் வெளியிட்ட அறிக்கைதான், அடுத்தவர் புகையால் வரும் கேட்டை முதன்முதலாக அரசு ஆவணத்தில் ஏற்றியது.

அந்த ஆண்டு இறுதியில் அதிபர் நிக்ஸன் மறுபடி ஜெயித்தார். ஸ்டெய்ன்ஃபெல்டின் பதவி போயிற்று. 1977 வரை அந்த நாற்காலியில் முறைப்படி யாரையும் நியமிக்கவில்லை.

*

ஷிம்பின் தீர்ப்புக்கு எல்லையும் உண்டு. அது கீழ்நிலை நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பு. மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. அவருடைய உடம்பு புகைக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டிய உடம்பு. சிகரெட் கம்பெனிகள் பிடித்துக்கொண்ட இடம் அதுதான். ஒவ்வாமை உள்ள ஒருவருக்குத் தொந்தரவு, ஒப்புக்கொள்கிறோம். ஆரோக்கியமான மனிதரை அடுத்தவர் புகை கொன்றதற்கு ஆதாரம் எங்கே? அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பெரிய அளவிலான பதில் யாரிடமும் இல்லை.

ஆனால் உள்ளுக்குள் அவர்களுக்கு உதறல் எடுத்திருந்தது. 1978-ல் அவர்களுடைய சங்கமான டொபாக்கோ இன்ஸ்டிட்யூட்டுக்காக ரோப்பர் நிறுவனம் மக்கள் கருத்தைச் சேகரித்து ரகசியமாக ஓர் அறிக்கை கொடுத்தது. புகைப்பவர் தனக்குச் செய்துகொள்ளும் கேடு அவர் சொந்த விஷயம் என்று மக்கள் விட்டுவிடலாம், அடுத்தவருக்குச் செய்யும் கேட்டை அப்படி விடமாட்டார்கள். இந்தத் தொழில் பிழைத்திருப்பதற்கு இதுவரை வந்ததிலேயே ஆபத்தான மிரட்டல் இதுதான் என்று அது எச்சரித்தது.

அவர்கள் பயந்த அந்தப் பதில் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. டோக்கியோவிலிருந்து வந்தது.

*

தகேஷி ஹிராயாமா. ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆராய்ச்சியாளர். 40 வயதும் அதற்கு மேலும் ஆன, புகைப் பழக்கமே இல்லாத 91,540 மனைவிமாரை 1966 முதல் 1979 வரை 14 ஆண்டுகள் அவர் தொடர்ந்து கணக்கெடுத்தார். யார் இறந்தார்கள், எந்த நோயால் இறந்தார்கள், அவர்களுடைய கணவர் புகைப்பவரா, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்.

1981 ஜனவரியில் முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தினம் 20 அல்லது அதற்கு மேல் பிடிக்கும் கணவர்களின் மனைவிகளுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, புகைக்காத கணவர்களின் மனைவிகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைவாகப் பிடித்தவர்களின் மனைவிகள் இரண்டுக்கும் நடுவில். கணவரின் சிகரெட் கூடக் கூட மனைவியின் ஆபத்தும் படிப்படியாகக் கூடியது. வயிற்றுப் புற்றுநோயில் அப்படி எந்த ஏற்றமும் இல்லை. தாங்கள் புகைக்காத பெண்கள் இவர்கள். அவர்களாலும் எழுந்து எங்கும் போக முடியாது; அது அவர்களுடைய வீடு. ஏறத்தாழ அதே சமயத்தில் ஏதென்ஸிலிருந்தும் இதே திசையில் ஓர் ஆய்வு வந்து சேர்ந்தது.

சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. நேதன் மான்டல் என்ற பெரிய புள்ளியியல் அறிஞர் ஹிராயாமாவின் கணக்கில் பிழை இருப்பதாகச் சொன்னார். மான்டல் சாதாரண ஆளல்ல. ஹிராயாமா பயன்படுத்திய கணக்கு முறையிலேயே அவர் பெயர் இருக்கிறது! முறையைக் கண்டவரே தவறு என்கிறார் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? டொபாக்கோ இன்ஸ்டிட்யூட் அதை அப்படியே அள்ளிக்கொண்டது. அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள் வந்தன. ஜப்பானிய ஆய்வு தவறு, புகைக்காதவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் காலைக் காப்பியோடு மக்கள் அதைப் படித்தார்கள்.

அந்த விளம்பரங்களின் சூடு ஆறுவதற்குள், 1981 ஜூலையில், பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனிக்குள் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. ஜெர்மன் சிகரெட் தொழிலோடு சேர்ந்து இயங்கிய இரண்டு விஞ்ஞானிகள், ஹிராயாமா சொன்னதையும் மான்டல் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தார்கள். யார் சொன்னது சரி என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அது முன்பே தெரியுமா என்பதும் அந்தத் தாளில் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அது கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது, அதில் எழுதியிருந்தது...

(அடுத்த வாரம்)