மலயமும் மலையகமும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டும் ஏடுமேயன்றி, நிலப்பெயர்களும் காத்து நிற்கின்றன. இலங்கையின் நடுமலைப் பகுதிக்குப் பாளி நூல்கள் வழங்கும் 'மலயம்' என்னும் பெயர் அத்தகையது.

'மலை' என்னும் திராவிடச் சொல்லே வடமொழியிலும் பாளியிலும் 'மலய' என நின்றது என்பர் மொழிநூலார். தமிழகத்துப் பொதியிலை வடநூல்கள் மலயம் என்றன. அங்கிருந்து வீசும் தென்றல் 'மலயமாருதம்' எனப் பெயர் பெற்று, தமிழுக்கே மீண்டது. கி. பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமியும் இலங்கையில் 'மாலேயா' என்றொரு மலையைக் குறித்து, அதன் அடியிலே யானைகள் மேயும் நிலம் கடல்வரை பரந்துள்ளது என்கிறார்.

இப்பெயர் சுட்டிய நிலம் யாது? கொடுமுடிகள் மட்டுமே என்று கொள்வது பொருந்தாது. கி. மு. 103 அளவில் அரசிழந்த வட்டகாமணி அபயன், மலயத்தில் தனசிவன் என்பவனிடம் அடைக்கலம் புகுந்தான் என மகாவம்சம் கூறும். அவன் அரசை மீட்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. பிற்காலத்தில் 'மலயராசன்' என்னும் பட்டம் அரச குலத்தவர்க்கு அளிக்கப்பட்டது. அடைக்கலம் தருதற்கு ஊரும் உணவும் வேண்டும். ஆளுதற்குக் குடிகள் வேண்டும். உயர்மலைச் சாரல்களோ 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றும்வரை பெரும்பாலும் அடர்வனமாகவே கிடந்தன. ஆதலின், பழைய மலயத்தில் மக்கள் செறிந்து வாழ்ந்த இடங்கள் அடிவாரங்களும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுமே எனக் கொள்ளுதல் தகும்.

இதற்கு மாத்தளை மாவட்டம் தக்க சான்றாகும். அதன் வடபால் தம்புள்ளையும் சிகிரியாவும் அமைந்த வறண்ட சமவெளி. தென்பால் ஓங்கிய மலைகள். மாத்தளை நகரைக் கடந்து செல்லும் சுது கங்கை, அம்பன் கங்கையோடு கலக்கிறது. அம்பன் கங்கையின் நீரே எலகெரக் கால்வாய் வழியாக மகாசேனன் கட்டிய மின்னேரிக் குளத்தை நிரப்பிற்று. மலையின் நீர் சமவெளியின் நெல்லாயிற்று. வட்டகாமணி காலத்தில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் மாத்தளை அலுவிகாரை என்பது மரபு. நாலந்தாவிலுள்ள கெடிகே என்னும் கற்கட்டடமோ, பல்லவர் காலத் திராவிடக் கட்டடக் கலையின் சாயலை இவ்வடிவாரத்தில் இன்றும் காட்டி நிற்கிறது.

இப்பாதை பிற்காலத்தில் துயரமும் கண்டது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் காடழித்துத் தோட்டங்களை உருவாக்கினர். அவர்தம் வழியினர் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோர் பலர்க்கு அதனை வழங்கிற்று. 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்ட அம்மக்கள், தம்மை 'மலையகத் தமிழர்' என்றே அழைக்கலாயினர்.

மலயம் என்பதும் மலையகம் என்பதும் ஒரே வேரிற் கிளைத்தவை. முன்னது அரசிழந்தவனுக்குப் புகலிடம் தந்த நிலத்தின் பெயர். பின்னது உரிமையிழந்தோர் தம் உழைப்பால் உரிமை கொண்ட நிலத்தின் பெயர். 'அகம்' என்பதற்கு உள்ளிடம் என்பதோடு வீடு என்றும் பொருளுண்டு. மலையை வீடாகக் கொண்ட மக்கட்கு இதனினும் பொருத்தமான பெயர் பிறிதில்லை.